ஜன்னலோர இருக்கையின் வரலாறு

விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது 1927இல். செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து புனலூர் போகும் மீட்டர் கேஜ் பாதை 1904லேயே திறந்தாகிவிட்டது. கொல்லத்தின் வணிகத்தைக் கிழக்குச் சமவெளியோடு இணைக்கப் போட்ட பாதை அது. அழகு பார்க்கப் போட்டதல்ல. குகைகளும் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலமும் 'காட்சி' ஆனதெல்லாம் பிறகுதான்.

ரயில் பயணமே நிலத்தை ஓடும் காட்சியாகப் பார்க்கப் பழக்கியது என்று 1977இல் ஷிவெல்புஷ் எழுதினார். சரி, யாருடைய கண்ணை?

1980களில் என் அக்கா பத்து வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். விடியுமுன்னே நாலு மணிக்கு பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தது; எங்க தெருவுக்கு பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது.

ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் போக சிவகாசியில் ரயிலேறினோம். சண்டைபோட்டு ஜன்னலோரம் பிடித்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் வருமுன் தூங்கிட்டா. "அக்கா, மலை தெரியுது, எந்திரி" என்று உலுக்கினேன். "பஸ் வந்துருச்சா?"ன்னு பதறி எழுந்தாள். அப்புறம் தென்காசி வரை மறுபடி தூக்கம்.

ரசனை இயல்பாக வருவதில்லை. அதற்கு முந்தின இரவு தூங்கியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் 'இயற்கை எழில்' பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

மலைப்பாதையில் மீட்டர் கேஜ் 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திறந்தது. பாலத்தைப் படம்பிடிக்கவே ஆட்கள் வருகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. பாதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குகைகளை எண்ணுகிறார்கள். அக்கா தூங்கிய தூரத்தையும் சேர்த்து எண்ணட்டும்.