பெரியாற்றுத் துறை – 17: கொலும்பன் காட்டிய வழி

1928 மே 26ஆம் தேதி ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல், கொச்சி அழிமுகத்தின் மணல்திட்டை வெட்டித் திறந்த வழியாக உள்ளே வந்ததைச் சொல்லப்போகிறேன் என்று சென்ற இதழை முடித்திருந்தேன். துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, அவருடைய தூர்வாரிக் கப்பல், வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வெல்லிங்டன் தீவு எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. ஆனால் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பிரிஸ்டோவிடம் போனால் கதை பாதியிலிருந்துதான் தொடங்கும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்று பாருங்கள். கோடையில் பச்சையாகக் கிடந்த காயல், மழை பிடித்த சில நாட்களில் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக மிதந்து வந்து பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளின் பின்படிகளில் முட்டி நிற்கும். அதற்குள் கை விட்டால் மூங்கில் துண்டு, முறிந்த கிளை, வேரோடு பிடுங்கி வந்த புல் என்று ஏதாவது அகப்படும். உள்ளே சுக்கும் மிளகும் மணக்கின்றன. வெளியே தண்ணீரில் காட்டு மண்ணின் வாடை. இரண்டும் மலைச் சரக்குதான். ஒன்றுக்கு விலை உண்டு, இன்னொன்று சும்மா வந்து குவிகிறது.

கொண்டுவருவதில் முதல் ஆள் பெரியாறு. 244 கிலோமீட்டர் ஓடி, ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வராப்புழை வழியாக இந்தக் காயலில் விழுகிறது. 1341 வெள்ளத்தையும், முசிறித் துறைமுகம் தூர்ந்ததையும், வைப்பின் தீவு எழுந்த ஆண்டை முதலாகக் கொண்டு புதுவைப்பு ஆண்டு என்று தனிக் கணக்கே ஓடியதையும் இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். அங்கே மறுபடி போகவில்லை. நான் போக விரும்புவது எதிர்த்திசையில், தண்ணீருக்கு எதிரேறி.

இந்த ஆற்றின் இரண்டு முனைகளும் வெகுகாலமாகத் தெரிந்தவை. கடல்முனையை யவனரும் அரபியரும் அறிந்திருந்தார்கள். மலைமுனையில் கண் வைத்தவர்கள் நம்மவர்கள். 1789இலேயே ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே போகும் பெரியாற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்க ஆள் அனுப்பினார். செலவுக் கணக்கு கைமீறியதால் அது நின்றது. 1808இல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, ஆகாத காரியம் என்று எழுதினார். முல்லைப்பெரியாறு அணை கட்டி அதை ஆக்கிக் காட்டிய பென்னிகுவிக்கைப் பற்றித் தேனி, கம்பம் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1816 முதல் 1820 வரை நில அளவையாளர்கள் வார்டும் கானரும் திருவிதாங்கூர், கொச்சி இரண்டையும் அளந்து முடித்தார்கள்.

ஆனால் நில அளவைப் படத்தில் ஆறு ஒரு கோடுதான். அந்தக் கோடு ஒடுங்கும் இடத்தில், கழுத்தைப் பிடித்தாற்போல் இரு மலைகள் நெருங்கும் இடத்தில், உள்ளே இறங்கி நிற்பது வேறு விஷயம்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதில் ஒரு பங்கு புரியும். இரு பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் சுழித்துத் திரும்பும் தண்ணீர், துடுப்பை ஊன்றி இறக்கும் பரிசல்காரர். அங்கே காவிரியில் தண்ணீர் வழி விடுகிறது. பெரியாற்றின் இந்தக் கழுத்தில் தண்ணீரே வழியை அடைக்கும். மழைக்காலத்தில் நெருங்கவே முடியாது. தை, மாசியில் நீர் இறங்கிப் பாறைகள் தலை தூக்கும்போது, கல்லிலிருந்து கல்லுக்குக் கால் மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். பாசி பிடித்த கல்லில் கால் வைப்பவன் எழுந்திருக்க மாட்டான். ஆழமான கயம் குறுக்கிட்டால் இரு கரையும் செங்குத்தாக இருக்கும். நீந்த வேண்டும், அல்லது மூங்கிலை வெட்டிக் கட்டித் தெப்பம் தள்ள வேண்டும், அல்லது திரும்பி ஏறி மலையைச் சுற்றி அடுத்த வளைவில் இறங்க வேண்டும். அப்படிச் சுற்றும்போது கைகொடுப்பது யானைகள் மிதித்து வகுத்த தடம். எந்தச் சரிவு ஏறத் தோதானது என்பதை யானையைப் போல் அறிந்த பொறியாளர் இல்லை. அந்தத் தடம் எங்கே தொடங்குகிறது, எப்போது அதில் நடக்கலாம், எப்போது நடக்கக் கூடாது என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர்தான் கொலும்பன். ஊராளிப் பழங்குடியின் மூப்பர். ஊராளிகள் மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி, யானைக்கு எட்டாத உயரத்தில் படுத்து, கீழே நடமாடுவது எது என்று சத்தத்திலேயே அறிந்தவர்கள். அதே மலைகளில் வாழும் மன்னான்களும் முதுவர்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஆகவே இந்த மலை நமக்கு அந்நியமல்ல.

1922இல் மலங்கரை எஸ்டேட்டின் கண்காணிப்பாளர் டபிள்யூ.ஜே. ஜான் வேட்டைக்காக இடுக்கிக் காட்டுக்குள் வருகிறார். கொலும்பன் உடன் செல்கிறார். குறவனும் குறத்தியும் மலைகளாகிப்போன கதையைச் சொல்லி, அந்த இரண்டு மலைகளுக்கு நடுவே பெரியாறு பாய்ந்து இறங்கும் இடத்தைக் காட்டுகிறார். குறவன் மலை 839 மீட்டர், குறத்தி மலை 925 மீட்டர். அவற்றின் அடியில் ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டு. வேட்டைக்கு வந்தவர் துப்பாக்கியை மறந்துவிட்டு அங்கே நின்றிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

‘இடுக்கியைக் கண்டுபிடித்தவர் ஜான்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கண்டுபிடித்தவர் என்றால் முதலில் கண்டவர். ஜானுக்கு அழைத்துப்போய்க் காட்டப்பட்டது. ஆனால் அவரிடமும் ஒரு பெருந்தன்மை இருந்தது: கேட்டார், நினைவில் வைத்துக்கொண்டார், விடவில்லை. பொறியாளரான தம் சகோதரர் பி.ஜே. தாமஸின் துணையோடு 1932இல் திருவிதாங்கூர் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அங்கே அணை கட்டலாம், மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னார். அணைக்கு அருகே வெள்ளாப்பாறையில் கொலும்பனுக்கு நினைவிடம் இருக்கிறது. பாடப்புத்தகங்களிலும் அந்த அளவுக்கு இடம் கிடைக்க வேண்டும்.

கொலும்பன் வழி காட்டி இரண்டே ஆண்டுகளில் மலை பேசியது. 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள். மூணாறு மூழ்கியது, குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது, ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி வழியாக மூணாறுக்குப் போன பழைய சாலை அழிந்தது. உருட்டிவிடப்பட்ட மலையெல்லாம் கீழே எங்கே வந்து சேர்ந்திருக்கும்? நம் கப்பல்காரர்கள் திட்டிக்கொண்டிருந்த அழிமுகத்தை நோக்கித்தான். அப்போது பிரிஸ்டோ கொச்சிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1932 அறிக்கை உடனே அணையாகிவிடவில்லை. 1937இல் இத்தாலியப் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர். புன்னப்ரா–வயலார் எழுச்சியில் சிந்திய ரத்தத்துக்காக அவரைக் கேரளம் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கத் தயாரில்லை. ஆனாலும் ஆற்றைப் பார்த்தால் மின்சாரத்தைப் பார்த்த கண் அவருக்கு இருந்தது. சென்னை ராஜதானியில் பைக்காராவுக்கும் மேட்டூருக்கும் பாடுபட்டவர், திருவிதாங்கூருக்கு வந்தபின் 1940இல் பள்ளிவாசலில் மின்சாரம் எடுக்க வைத்தார். இடுக்கி அவர் காலத்தில் நடக்கவில்லை.

நடந்தது கனடாவின் உதவியோடு. 1969இல் கட்டத் தொடங்கி, 1976 பிப்ரவரி 12 அன்று இந்திரா காந்தி திட்டத்தை நாட்டுக்கு அளித்தார். சாதாரணக் கல்லணை தன் கனத்தால் தண்ணீரைத் தாங்கும். 168.91 மீட்டர் உயரமுள்ள இந்த வளைவு அணை அப்படியல்ல. தண்ணீரின் தள்ளுதலை இரு பக்கத்து மலைகளுக்குக் கடத்திவிடுகிறது. குறவனும் குறத்தியும்தான் அதைத் தாங்குகிறார்கள். அடியில்கூட அதன் கனம் 20 மீட்டருக்குக் குறைவு. நெருங்கி நிற்கும் கெட்டிப் பாறை இல்லாத இடத்தில் இப்படி ஒன்றைக் கட்ட முடியாது. கொலும்பன் காட்டிய இடத்தின் அருமை அதில் இருக்கிறது.

கழுத்தை மட்டும் அடைத்தால் போதாது. தேங்கிய நீர் செறுதோணி வழியாகவும் குளமாவு வழியாகவும் தப்பிவிடும். அதனால் ஒரே தேக்கத்துக்கு மூன்று அணைகள். வளைவு அணையில் மதகே கிடையாது. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டு, தொலைக்காட்சியில் நாம் பதறிப்பார்த்த மதகுகள் செறுதோணியுடையவை.

இந்தத் தேக்கத்துக்காக வெளியேற்றப்பட்டவர்களையும் சொல்லியாக வேண்டும். 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த உழவர்களைக் கொட்டும் மழையில் லாரிகளில் ஏற்றி, குமுளிக்கு அருகே அமராவதியில் இறக்கிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே போய் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மின்சாரம் வேண்டும் என்பவன்தான் நான். அதற்காக மனிதர்களை மழையில் தள்ளிய அரசை எந்த அணையின் அழகும் நியாயப்படுத்தாது.

இன்று இடுக்கி அணைக்கு நேர் கீழே நின்றால், கொலும்பனும் ஜானும் பார்த்த பாய்ச்சல் இல்லை, வெறும் பாறைகள். தண்ணீர் மலைக்குள் சுரங்கங்களில் இறங்கி, நாடுகாணி மலையின் வயிற்றில் குடைந்த மூலமட்டம் மின்நிலையத்தில் 780 மெகாவாட்டுக்கான சுழலிகளைச் சுற்றிவிட்டு, தொடுபுழை ஆற்றில் வெளிப்படுகிறது. அங்கிருந்து மூவாற்றுப்புழை, வேம்பநாட்டுக் காயல் என்று தெற்குப் பக்கமாக வந்து, கடைசியில் அதே கொச்சி அழிமுகத்தில்தான் கடலைச் சேர்கிறது. வடக்கே வராப்புழை வழியாக வருவது, செறுதோணிக்குக் கீழே முதிரப்புழை போன்ற கிளையாறுகள் சேர்த்துக் கொடுக்கும் பெரியாறு.

பிரிஸ்டோ 1920இல் வந்து இறங்கியபோது இந்த மூன்று அணைகளும் இல்லை. முல்லைப்பெரியாறு கிழக்கே திருப்பிய பங்கு போக மீதி ஆறு முழுவதும், மணலும் மரமுமாக, ஒரே வழியில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அழிமுகத்தில் பாறைபோல் இறுகிப்போன அந்தத் திட்டை அவர் எப்படி வெட்டினார் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)