பட்டம் வாங்காத முன்கதை

முன்கதைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: கடைசியில் யார் என்ன ஆவார்கள் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியும். பீட் டாக்டர் இயக்கிய 'மான்ஸ்டர்ஸ், இங்க்.' (2001) படத்தில் சல்லி என்ற அரக்கன் குழந்தைகளைப் பயமுறுத்துவதில் முதலிடத்தில் இருப்பவன். ஒற்றைக்கண் மைக் வசாவ்ஸ்கி அவனுக்கு உதவியாளன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டேன் ஸ்கான்லன் இயக்கத்தில் வந்த 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி', பிக்ஸாரின் முதல் முன்கதைப் படம். அதில் மைக் பெரிய பயமுறுத்துபவன் ஆகத் துடிக்கிறான். ஆகமாட்டான் என்பது அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும்.

மூலப்படத்துக்கு இது ஈடாகிறதா? முக்கியமான ஓர் இடத்தில் இல்லை.

முதல் படத்தின் வேடிக்கைக்கு அடியில் ஒரு தொழிலைப் பற்றிய விசாரணை இருந்தது. அரக்கர் நகரத்து மின்சாரம் முழுவதும் ஓர் ஆலையில் குழந்தைகளின் அலறலிலிருந்து வருகிறது. குழந்தை தொட்டாலே ஆபத்து என்று ஊரே நம்புகிறது. பூ என்ற சிறுமி மனித உலகத்துக் கதவு தாண்டி உள்ளே வந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. ஆலையைக் காப்பாற்றக் குழந்தைகளைக் கடத்தவும் துணியும் முதலாளி வாட்டர்நூஸ் அம்பலப்படுகிறார். அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு ஆற்றல் என்று தெரிந்ததும் ஆலை தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. முன்கதையிலோ பயமுறுத்துவது ஒரு பாடத்திட்டம். அதை நன்றாகப் படித்துத் தேற வேண்டும் என்று நம்மையும் ஆசைப்பட வைக்கிறார்கள். பயிற்சிக்கூடத்தில் படுத்திருப்பது குழந்தையின் இயந்திரப் பொம்மை. பொம்மைக்கு வலிக்காது, ஆகவே கேள்வியும் எழாது. சல்லியின் உடம்பில் முன்பு சுமார் 23 லட்சம் முடிகள், இப்போது 55 லட்சம். முடி கூடியது, பூ இல்லை.

விடுதிக் குழுக்கள், போட்டிச் சுற்றுகள், ஒதுக்கப்பட்டவர்களின் அணி என்று நடுப்பகுதி அமெரிக்கக் கல்லூரி நகைச்சுவைப் படங்களின் பழைய தடத்திலேயே போகிறது. நான்காம் வகுப்பிலிருந்தே பழக்கம் என்று மூலப்படத்தில் மைக் சொன்னதற்கு மாறாக, இதில் இருவரும் கல்லூரியில்தான் சந்திக்கிறார்கள். இதைப் பெரிய குற்றமாக்க வேண்டியதில்லை.

கடைசி அரைமணி நேரம் வேறு தரம். இறுதிச் சுற்றில் மைக் வெல்கிறான். ஆனால் அவனுக்காகச் சல்லி கருவியைத் திருத்தி வைத்திருந்தது தெரியவருகிறது. ரோஷத்தோடு மனித உலகத்துக்குள் நுழையும் மைக்கைப் பார்த்து, அங்கே ஒரு குழந்தைகள் முகாமில் ஒரு சிறுமிகூட அலறவில்லை. நிலா வெளிச்சத்தில் ஏரிக்கரையில் அவன் உட்கார்ந்திருக்கும் காட்சி, குழந்தைகள் படம் எதுவும் எளிதில் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்கிறது: உழைத்தாலும் சில கனவுகள் கைகூடா. தன் குலப்பெருமைக்குப் பின்னே இருந்தது பயம்தான் என்று சல்லி ஒப்புக்கொள்வதும் அங்கேதான். முடிவு முன்பே தெரிந்திருப்பது இங்கே குறையாக இல்லை. அந்தக் காட்சியின் கனமே அதுதான்.

இந்தக் கனம் பின்னோக்கியும் பாய்கிறது. மூலப்படத்தில் நிறுவன விளம்பரத்தில் மைக்கின் முகத்தை முத்திரை மறைக்கிறது. பின்னர் பத்திரிகை அட்டையில் பட்டைக்கோடு மறைக்கிறது. இரண்டு முறையும் அவன் பூரித்துப் போகிறான். 2001இல் அது வெறும் நகைச்சுவை. முன்கதையைப் பார்த்தபின், தோல்வியை விழுங்கிச் செரித்த ஒருவனின் மகிழ்ச்சியாகத் தெரிகிறது. கடைசியில் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் வேலை அவனுக்கே வந்து சேர்வதற்கும் இப்போது ஒரு முன்வரலாறு கிடைத்துவிட்டது.

தனிப்படமாக இது மூலத்துக்கு ஒரு படி கீழேதான். முன்கதை என்ற வகையில் மூலத்துக்குக் கடன்பட்டு நிற்காமல் அதற்குக் கொஞ்சம் கொடுத்தும் இருக்கிறது. தேறியவர்களுக்குத்தான் வெற்றி என்று முடித்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. மைக்கையும் சல்லியையும் பல்கலைக்கழகம் வெளியேற்றிவிடுகிறது. பட்டம் இல்லாமலே ஆலையின் தபால் அறையில் வேலைக்குச் சேர்கிறார்கள்.