நடை தளர்ந்த ஊர்

1933ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் அச்சான ஒரு ஜெர்மன் நூலின் முகப்பில், அதை எழுதியவர்களின் பெயர்கள் இல்லை. ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. எழுதியவர்கள் யூதர்கள், ஹிட்லர் பதவிக்கு வந்துவிட்டிருந்தார், பதிப்பாளர் அஞ்சினார். அப்படியும் நூல் தப்பவில்லை, படிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 'மாரியென்டாலின் வேலையற்றோர்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் என்ற மூன்று இளைஞர்களின் ஆய்வு அது. நூலின் பெரும்பகுதியை எழுதிய யஹோடாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதைச் சுற்றித்தான் இருக்கும்.

மாரியென்டால் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நாய்சீடல் என்ற ஊரை ஒட்டிய ஆலைக் குடியிருப்பு. 1830இல் ஹெர்மன் டொடெஸ்கோ என்ற முதலாளி அங்கே பஞ்சாலை தொடங்கினார். ஆலைக்காகவே வீடுகள், ஆலைக்காகவே மனிதர்கள். நூறு ஆண்டுகள் அப்படியே ஓடின. 1929 ஜூலையில் நூற்பு நின்றது. அடுத்த இரண்டு மாதங்களில் அச்சுப்பிரிவும் வெளுப்புப்பிரிவும் நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. பிறகு கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். தங்கள் சன்னல் வழியே பார்த்தால் தங்கள் பிழைப்பின் செங்கற்குவியல் தெரிகிற நிலைமை. ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். நான்கில் மூன்று குடும்பங்கள் உதவித்தொகையை நம்பியே அடுப்பு மூட்டின.

இந்த ஆய்வு பிறந்த விதம் சுவையானது. தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராயப்போவதாக லாசர்ஸ்ஃபெல்ட் சொன்னாராம். ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ பௌவர் கடிந்துகொண்டார்: நாடு முழுவதும் வேலையில்லாமல் தவிக்கிறபோது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி? அவர் கைகாட்டிய ஊர்தான் மாரியென்டால்.

வேலையற்றவனைப் பற்றி அக்காலத்தில் இரண்டு கருத்துகள் நிலவின. உதவித்தொகை கொடுத்தால் மனிதன் சோம்பேறியாவான் என்பது ஒன்று. இது வசதியானவர்களின் கருத்து. வயிறு காய்ந்தால் மனிதன் கிளர்ந்தெழுவான் என்பது மற்றொன்று. இது ஆய்வாளர்கள் சார்ந்திருந்த கட்சியிலேயே பலரின் நம்பிக்கை. 1931இன் இறுதியிலிருந்து சில மாதங்கள் ஊருக்குள் புழங்கிய பின், இரண்டும் பொய் என்று அவர்கள் கண்டார்கள்.

இங்கே சற்று நம் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. 'சும்மா இரு' என்பது நமது ஞானியருக்கு உச்ச உபதேசம். அதே 'சும்மா', திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்மகன் மீது விழும்போது வசை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறோம். குறளில் சோம்பலைக் கடியும் மடியின்மை உண்டு, வறுமையைப் பேசும் நல்குரவு உண்டு, இரத்தலுக்கும் இரவச்சத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. உழைக்கக் கைகள் இருந்தும் அவற்றைக் கேட்பார் இல்லாமல் நிற்பவனுக்கு அதிகாரம் இல்லை. வள்ளுவரைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்திலேயே 'அன்எம்ப்ளாய்மென்ட்' என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பொதுவழக்குக்கு வந்தது. அதற்கு முன், உடல் திடமாக இருந்தும் உதவி கேட்பவன் சோம்பேறி என்பதே கணக்கு. மிகக் கீழான கூலிக்காரனின் வாழ்வைவிட உதவி பெறுபவனின் வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பது 1834ஆம் ஆண்டின் ஆங்கில ஏழைச் சட்டத்தின் அடிப்படை விதி. பெயர் பின்னால் வந்தது, பார்வை மாறவில்லை.

மாரியென்டாலுக்கு வருவோம். ஆய்வாளர்கள் கையில் கடிகாரத்துடன் ஒரு சன்னலருகே மறைந்து நின்று, தெருவில் போகிறவர்களின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள். நடுவே நின்றார்கள், மீண்டும் நடந்தார்கள், மீண்டும் நின்றார்கள். பெண்கள் பெரும்பாலும் நிற்காமல் விரைந்து கடந்தார்கள். பெண்களுக்கு ஆலை வேலை போயிற்று, வீட்டு வேலை போகவில்லை. இருக்கிற மாவையும் உருளைக்கிழங்கையும் வைத்து நாளை ஓட்டுவது முன்னைவிடக் கடினமான வேலையாகிவிட்டது. பகலெல்லாம் ஆலையில் நின்று இரவில் வீட்டைப் பார்த்த அந்தப் பழைய நாட்களுக்கே திரும்ப விரும்புவதாகப் பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆலையில் நாலு பேரைப் பார்க்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, ஆண்களுக்கு எழுத எதுவும் இல்லை. எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, மதியம் சாப்பிட்டது, படுத்தது. நடுவில் உள்ள மணிகளை எங்கே விட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இடையில் நடுப்பகல் வந்துவிடுகிறது என்ற பொருளில் ஒருவர் எழுதியதையே, 1988இல் கரின் பிரண்டவர் இந்த ஊரைப் பற்றி எடுத்த படத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கச் சிறு கட்டணம் இருந்தது. அதை நீக்கினார்கள். வாசிக்க நேரமோ அளவின்றிக் கிடந்தது. ஆனால் 1929க்கும் 1931க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கட்சி நாளேட்டுக்கு வேலையற்றோருக்கெனச் சலுகை விலை இருந்தும், 1927க்கும் 1930க்கும் இடையில் சந்தாக்கள் 60 விழுக்காடு சரிந்தன. அதே கட்சியின் கேளிக்கை மிகுந்த சிறுபத்திரிகை அவ்வளவு இழக்கவில்லை. ஒருகாலத்தில் ஊரே பெருமையுடன் பேணிய பூங்காவில் பாதைகளில் புல் மண்டியது. சும்மா இருக்கும் நூற்றுக்கணக்கான கைகளில் ஒன்றுகூட அதைக் களையவில்லை. நேரம் கிடைத்தால் நிறைய படிப்போம் என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இந்த நூலக விவரம் தனிப்பட்ட முறையில் உறுத்தியது.

ஆய்வாளர்கள் குடும்பங்களை நான்காக வகுத்தார்கள்: உடையாதவர்கள், பணிந்து போனவர்கள், விரக்தியுற்றவர்கள், எதிலும் பற்றற்று விழுந்துவிட்டவர்கள். பெரும்பான்மையினர் இரண்டாம் வகை. வீட்டைப் பேணுவார்கள், பிள்ளைகளைக் கவனிப்பார்கள், எதிர்காலம் பற்றி மட்டும் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து தரையின் சுத்தத்தையும் குழந்தையின் சட்டையையும் பார்த்து அதன் மீது பெயர் ஒட்டும் இந்த முறை எனக்கு உவப்பானதல்ல. ஆனால் நூலில் அடுத்து வரும் ஒரு சிறு அட்டவணை என் வாயை அடைத்தது. குடும்பத்தில் வளர்ந்த ஓர் ஆணுக்கு நிகரான ஒரு வயிற்றுக்கு மாதத்துக்கு என்ன வருமானம் என்று கணக்கிட்டிருந்தார்கள். உடையாதவர்களுக்கு 34 ஷில்லிங். பணிந்தவர்களுக்கு 30. விரக்தியுற்றவர்களுக்கு 25. விழுந்தவர்களுக்கு 19. குணபேதம் என்று நாம் எண்ணும் அந்தப் படிக்கட்டு முழுவதும் பதினைந்து ஷில்லிங்குக்குள் அடங்கிவிடுகிறது. உதவித்தொகை குறையக் குறைய ஒரு குடும்பம் படிப்படியாகக் கீழே இறங்கும் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

ஏழை கணக்கில்லாமல் செலவழிக்கிறான் என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குற்றச்சாட்டு. மாரியென்டாலில் உருளைக்கிழங்கு போட வேண்டிய துண்டு நிலத்தில் சிலர் ரோஜாவும் டியூலிப்பும் வளர்த்தார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தவணையில் முடி சுருட்டும் இடுக்கி வாங்கினாள். தொகை பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும். அதற்கு முந்தைய நாள் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் போதிய சிற்றுண்டி இருக்காது. மறுநாள் அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். முந்தைய நாள் வெறுங்கையுடன் வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், மறுநாள் இறைச்சி வைத்த ரொட்டி, இனிப்புப் பணியாரம் இரண்டு, கூடவே சாக்லேட் கொண்டுவந்தானாம். சிக்கனம் தெரியாத தாய் என்று சொல்வது எளிது. பதிமூன்று நாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பதினான்காம் நாள் என்ன செய்வாள்? சில ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்களில் சுற்றிய ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளிவந்த நூலில் இதே புதிருக்குத்தான் விடை தேடினார். சத்துள்ள சலிப்பான உணவைவிடச் சுவையான சிறு பண்டத்தை ஏழை ஏன் நாடுகிறான் என்பதை நன்கு உண்டவர்கள் புரிந்துகொள்வதில்லை என்பது அவர் கட்சி.

இவையெல்லாம் வெளியார் பார்வை. ஊருக்குள்ளேயே ஒருவரை ஒருவர் பார்த்த பார்வைதான் எனக்கு மேலும் அச்சம் தருகிறது. உதவித்தொகை பெறுபவர் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது விதி. மரம் வெட்ட உதவிவிட்டு விறகு வாங்கிக்கொண்டவர் தொகையை இழந்தார். வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற பெண் இழந்தாள். ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை சேர்த்த ஒருவரும் இழந்தார். இவர்களின் செய்கை அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்? ஊரார் எழுதிய மொட்டைக் கடிதங்களும் ஒரு வழி. ஆலை மூடிய பின் அவை பெருகின. பெருகியதைவிட முக்கியமானது, 1931இல் வந்தவற்றில் பெரும்பாலானவை விசாரணையில் ஆதாரமற்றவை என்று தெரிந்தது. பசி மனிதர்களை ஒன்று சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்புப் புகையை எண்ண வைத்தது. சோம்பேறியைப் பிடிக்க வகுத்த விதி, நேர்மையானவர்களை ஒற்றர்களாக்கியது.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்ததும் இதற்கு இளைத்ததல்ல. 1921 முதல் 1930 வரை அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. உண்மையாகவே வேலை தேடியதாக விண்ணப்பிப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். ஊரில் வேலை இருக்கிறதா என்று அதிகாரி மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆகவே இல்லாத வேலையைத் தேடி வாயில் வாயிலாக நடந்து, நடந்ததற்குச் சான்றும் சேர்த்தார்கள். 1931இல் வந்தது 'மீன்ஸ் டெஸ்ட்' என்னும் வசதிப் பரிசோதனை. காப்பீட்டுக் காலம் முடிந்தவரின் வீட்டுக்கு அதிகாரி வருவார். மகன் என்ன சம்பாதிக்கிறான், மகள் என்ன கொண்டுவருகிறாள், எல்லாம் கணக்கில் சேரும், தந்தையின் தொகை அந்த அளவுக்குக் குறையும். வேலை கிடைத்த பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறுவதே குடும்பத்துக்கு லாபம் என்றானது. டர்ஹம் மாவட்டக் குழு மிகவும் இரக்கம் காட்டுகிறது என்று கூறி, 1932இல் அதன் அதிகாரத்தைப் பறித்து ஆணையர்களிடம் கொடுத்தார்கள்.

அந்த டர்ஹத்தில் இருந்ததுதான் ஜாரோ. அங்கே பாமர் கப்பல் தளம் 1933இல் ஓய்ந்தது. தளத்தை வாங்கியவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். 1936 அக்டோபரில் 200 ஆண்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கொண்ட மனுவை ஓக் மரப்பெட்டியில் வைத்து லண்டனுக்கு நடந்தார்கள். தொகுதி உறுப்பினர் எலன் வில்கின்சனும் வழியில் பல இடங்களில் உடன் நடந்தார். முகம் மழித்து, ஒழுங்காக அணிவகுத்து, யாரிடமும் கைநீட்டாமல், எந்தக் கட்சிக் கொடியும் இல்லாமல் போனார்கள். பசித்தவன் முதலில் தன்னைக் கண்ணியமானவன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வழிநெடுக மக்கள் அவர்களை அன்புடன் வரவேற்றார்கள். மனு ஏற்கப்பட்டது, ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பியபோது நடந்த நாட்களுக்கான உதவித்தொகை பிடிக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களில் ஊரில் வேலை ஏதேனும் வந்திருந்தால் அவர்கள் அதற்குக் கிடைத்திருக்க மாட்டார்கள் அல்லவா!

யஹோடாவும் பிரிட்டனுக்கே வந்து சேர்ந்தார். 1936இல் வியன்னாவில் கைதாகி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையில் 1937இல் விடுதலையானவர். தெற்கு வேல்ஸில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்காக ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. ரொட்டியும் காய்கறியும் துணியும் அவர்களே கூலியின்றி உற்பத்தி செய்து, அடக்க விலையில் தங்களுக்குள் வாங்கிக்கொள்வார்கள், உதவித்தொகை தொடரும். அந்தக் குடும்பங்களுடன் தங்கி அதை ஆராய்ந்தார். நாளுக்கு ஒரு வடிவம் கிடைத்ததில் சேர்ந்தவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலும் வயதானவர்களே சேர்ந்தார்கள், இளைஞர்கள் ஒதுங்கினார்கள். கூலி இல்லாத வேலையை அவர்கள் வேலையாக எண்ணவில்லை. திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று யஹோடா எழுதினார்.

அதை நடத்தியவர் ஜிம் ஃபாரெஸ்டர் என்ற பிரபு குடும்பத்து நல்ல மனிதர். 1938இல் ஆஸ்திரியா ஹிட்லரிடம் வீழ்ந்தபோது யஹோடாவின் குடும்பத்தினர் தப்பி வர உதவியவரும் அவரே. அறிக்கையைப் படித்து அவர் மனம் உடைந்தார். யஹோடா அதை வெளியிடாமல் எடுத்து வைத்துவிட்டார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து 1987இல்தான் அது அச்சேறியது. மொட்டைக் கடிதங்களை எண்ணிப் பதிந்த அதே கை, நன்றிக்காக ஓர் உண்மையை அரை நூற்றாண்டு மூடி வைத்தது. அது சரியா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

யஹோடா 2001இல் இங்கிலாந்தில் காலமானார். 2020 அக்டோபரில் கிராமட்நாய்சீடலில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த ஊரார் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய வேலை தருவதாக உறுதியளித்தார்கள். விரும்பாதவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர்கள் விளைவை அளந்தார்கள். சேர்ந்தவர்களின் வருமானம் உயர்ந்தது, நாளுக்கு ஒழுங்கு வந்தது, ஊராரோடு பழக்கம் கூடியது. உடல்நலத்தில் மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. 2024இல் திட்டம் முடிவுக்கு வந்தது.