மடங்கிய மூன்று விரல்கள்: ஸ்ரீரங்கத்தில் இறுதி விருப்பமும் அதைக் காப்பவரும்

வைணவ ஆசாரியரான ஆளவந்தாரைச் சேவிக்கக் காஞ்சியிலிருந்து பெரிய நம்பியுடன் புறப்பட்டு வந்த இராமானுசர், ஸ்ரீரங்கத்து ஆற்றங்கரையில் அவருடைய திருமேனியைத்தான் கண்டார். கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. முன்பும் இப்படித்தான் இருந்தனவா என்று கேட்டார். இல்லை என்றார்கள் சூழ இருந்தவர்கள். ஆசாரியருக்கு ஏதேனும் மனக்குறை இருந்ததா என்று விசாரித்து, பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுவது உள்ளிட்ட மூன்று விருப்பங்களைத் தெரிந்துகொண்டார். ஒவ்வொன்றையும் தாம் நிறைவேற்றுவதாக அவர் உறுதி கூறக் கூற, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

11ஆம் நூற்றாண்டு நிகழ்வாகச் சொல்லப்படும் இதை வரலாற்று ஆய்வாளர் ஐதிகம் என்றே கொள்வார். ஆயினும் இறுதி விருப்பம் பற்றி அந்தச் சமூகம் என்ன நினைத்தது என்பதற்கு இது நல்ல சான்று. விருப்பம் இருந்தது, எழுத்தில் இல்லை. அதைக் கேட்டறிந்து ‘நான் செய்கிறேன்’ என்று ஒருவர் முன்வந்த பிறகே விரல் நிமிர்ந்தது. இறுதிக்கால விருப்பங்களைப் பதிந்துவைக்கும் இணையச் சேவையை வடிவமைக்க முனைவோர் பெரும்பாலும் படிவத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஸ்ரீரங்கத்தின் வரலாறு அதை ஏற்பவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறது.

இதைவிடத் தெளிவான சான்று மாறனேரி நம்பியுடையது. ஆளவந்தாரின் சீடர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். தம் உடல் பெருமாளுக்கு உரிய பொருள் என்றும், அது வைணவ நெறி அறியாத உறவினர் கைக்குப் போகக் கூடாது என்றும் அவர் கருதினார். ஆகவே நோயுற்றிருக்கும்போதே உடன்பயின்ற பெரிய நம்பியிடம் தம் இறுதிக் காரியத்தை ஒப்படைத்தார். பெரிய நம்பி அந்தணர். சொன்ன சொல்லைக் காத்து, ஆசாரியர்களுக்குச் செய்யும் முறையிலேயே அவருக்குச் சடங்கு செய்தார். ஊர் அவரை விலக்கி வைத்தது. இராமானுசர் காரணம் கேட்டபோது, பெரிய நம்பி, சடாயுவுக்கு இராமனும் விதுரருக்குத் தருமரும் காரியம் செய்ததை எடுத்துக்காட்டி, அவர்களைவிடத் தாம் உயர்ந்தவரா, மாறனேரி நம்பி தாழ்ந்தவரா என்று திருப்பிக் கேட்டார்.

இன்றைய சட்ட மொழியில் இது முன்கூட்டிய விருப்ப அறிவிப்பு. உறவினரைத் தவிர்த்து வேறொருவரைப் பொறுப்பாளராக்கியது. பொறுப்பாளரின் இசைவை உயிரோடிருக்கும்போதே பெற்றது. சாதி, உறவு என்ற இரண்டு வலிய அமைப்புகளையும் மீறி அது நிறைவேறியதற்கு ஒரே காரணம், ஏற்றவர் விலை கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதே. இந்நிகழ்வைச் சமயப் பெருமையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது பெரிய நம்பிக்கு நாம் செய்யும் குறை என்றே நினைக்கிறேன்.

விருப்பத்தை எழுத்தில் காத்த மரபும் இங்கு பழையது. சோழநாட்டுக் கல்வெட்டுகளின்படி, கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. இடையர் ஒருவர் மந்தையை ஏற்று நாளொன்றுக்கு உழக்கு நெய் அளப்பார். கிழடானவை கழிய, குட்டிகள் அவ்விடத்தை நிரப்ப, எண்ணிக்கை குறையாமல் நிற்கும். இதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கொடுத்தவர் மறைந்தாலும் கொடை நடக்க வேண்டும் என்ற கவலைக்குக் கண்ட வழி இது. வைணவக் கோயில் சாசனங்கள் ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று முடிவதையும் கவனிக்க வேண்டும். கல்லில் வெட்டியதோடு நிற்காமல், இதைக் காப்பவர் யார் என்பதையும் அதே கல்லில் வெட்டினார்கள்.

வீடுகளுக்குள் வேறொரு ஏற்பாடு. காசிக்குப் போனவர்கள் கொண்டுவரும் கங்கைச் செம்பைப் பூசை அறையில் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு, வாய் ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவரின் கடைசி நேரத்துக்காக அது ஆண்டுக்கணக்கில் மூடியே காத்திருக்கும். அதனருகில் ‘என் காரியத்துக்கு’ என்று பாட்டி முடிந்துவைத்த பணம். செம்பு எங்கே இருக்கிறது, எப்போது உடைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திறக்காமல் மூடியிருப்பதும், இருப்பது அனைவருக்கும் தெரிந்திருப்பதும் ஒன்றுசேர்ந்த இந்த அமைப்பை எந்த மென்பொருள் வடிவமைப்பாளரும் பொறாமையோடுதான் பார்ப்பார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் உயில் வந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை மாகாணத்தில் சென்னை நகரத்தை மட்டும் தழுவியது. திருச்சி போன்ற வெளியூர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் வழியாக, 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் உயில்களுக்கே எழுத்தும் இரண்டு சாட்சிகளும் எங்கும் கட்டாயமாயின. அதுவரை திருச்சி இந்துக் குடும்பங்களில் வாய்மொழி உயிலுக்கும் இடமிருந்தது. இசுலாமியரின் உயிலான வசிய்யத்துக்கு இன்றும் எழுத்து கட்டாயமில்லை. ஆனால் வாரிசுகளின் இசைவின்றிச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதிவைக்க இயலாது. ஆகவே திருச்சிக்கான சேவை ஒரே படிவத்தை எல்லோருக்கும் நீட்ட முடியாது.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் பலர் அறியாத ஒரு வசதி உண்டு. உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார்; உறை வந்ததை 5ஆம் எண் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். அவர் இறந்தபின் ஒருவர் விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு 3ஆம் எண் புத்தகத்தில் படியெடுக்கப்படும். கங்கைச் செம்பின் அரசு வடிவம் என்றே இதைச் சொல்லலாம். ஒரு குறை மட்டும் உண்டு: உறை அங்கே இருப்பதைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

உயில் இறந்தபின் பேசுவது. மூச்சிருந்தும் பேச முடியாத நாட்களுக்கான ஆவணத்தை, லிவிங் வில் எனப்படுவதை, உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்தது: நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அது எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். மருத்துவமனையின் முதல் குழுவும் இரண்டாம் குழுவும் கூடிய மட்டும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு படி மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் அதிகாரியிடம் தரப்பட வேண்டும். அந்த உள்ளாட்சி அமைப்பு அதற்கொரு காப்பாளரை நியமிக்க வேண்டும். மின்னணு உடல்நலப் பதிவேட்டிலும் அதைச் சேர்க்கலாம். மகாராஷ்டிரத்தில் மருத்துவர் நிகில் தாத்தர் தொடுத்த பொதுநல வழக்கை அடுத்து உள்ளாட்சிகளில் காப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென ஆணை வெளியிட்டது.

‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்ற சொல்லும் 2023 தீர்ப்பின் காப்பாளர் பொறுப்பும் ஒரே தேவைக்குப் பிறந்தவை. ஆனால் திருச்சி தில்லைநகர் மருத்துவமனை ஒன்றில் இரவு இரண்டு மணிக்கு வென்டிலேட்டர் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்கும்போது, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தனியே இருந்த தாயின் கையெழுத்து பீரோவில் இருக்கும். மகன் நியூஜெர்சியில் இருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்மணி மட்டும் அருகில் நிற்பார். இணையச் சேவை உதவ வேண்டிய இடம் இதுதான்.

சட்டமே அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருப்பதால், கைபேசியில் தட்டி முடித்த உயில் செல்லாது. ஆகவே சேவை தாளைக் காக்க வேண்டும்: எங்கே இருக்கிறது, எது கடைசியாகக் கையெழுத்தானது, யார் கையில் படி உள்ளது என்று காட்ட வேண்டும். பொறுப்பாளரின் பெயரை நிரப்பினால் போதாது. அவரே ‘ஏற்கிறேன்’ என்று பதில் தரும்வரை ஆவணம் முழுமையடையவில்லை என்று அது சொல்ல வேண்டும். பெரிய நம்பி தலையசைத்ததற்கு ஈடு இதுவே. ஏன் இப்படி விரும்புகிறேன் என்பதைத் தமிழில் பேசிப் பதிய இடம் வேண்டும். உறுப்பு தானத்துக்கும் இது பொருந்தும்: எத்தனை உறுதிமொழி அட்டைகள் இருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தாரின் இசைவு கேட்டே தானம் நடக்கிறது. ஓயாமாரி மயானத்திலா, சொந்த ஊரிலா, சடங்கு யார் கையால் என்ற கேள்விகளும் படிவத்தில் இடம்பெற வேண்டும். மாறனேரி நம்பி கேட்டது அதைத்தான்.

ஸ்ரீரங்கம் இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் பகுதி. தீர்ப்பு சொல்லும் காப்பாளர் எந்த அறையில், எந்த மேசையில் அமர்ந்திருக்கிறார் என்பதை வரிரசீது வாங்க வரும் எந்த முதியவரும் வாசலிலேயே தெரிந்துகொள்ளும்படி மாநகராட்சி எழுதிவைக்க வேண்டும். செயலியை அதன்பின் எழுதிக்கொள்ளலாம்.