சந்திரகிரியிலிருந்து விஜயநகர அரியணைக்கு: அச்சுததேவராயர்

துளுவ மரபைச் சேர்ந்த அச்சுததேவராயர் 1529 முதல் 1542 வரை விஜயநகரப் பேரரசை ஆண்டவர். கிருஷ்ணதேவராயருக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. அண்ணன் பட்டமேறியபோது, போட்டிக்கு வரக்கூடும் என்று சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்ட தம்பியருள் இவரும் ஒருவர். திருப்பதியை அடுத்துள்ள அக்கோட்டையே பின்னர் இவர் அரசேறப் புறப்பட்ட இடமாயிற்று.

தம் மகன் 18 மாதக் குழந்தையாக இருந்ததால் கிருஷ்ணதேவராயர் தம்பியையே வாரிசாக்கினார் என்கிறார் போர்ச்சுகீசியரான நூனிஸ். கிருஷ்ணதேவராயரின் மருமகன் இராமராயரோ குழந்தைக்கே முடி என்று நின்றார். அந்த நெருக்கடியில் அச்சுதர் தலைநகரை அடையும்வரை காத்திருக்கவில்லை. திருமலையிலும் காளஹஸ்தியிலும் முடிசூடிக்கொண்ட பிறகே விஜயநகரம் சென்று மூன்றாம் முறை முடிசூடினார். வேங்கடவன் கைச்சங்கின் நீரே அவரை முழுக்காட்டியதாக இராஜநாத டிண்டிமரின் ‘அச்சுதராயாப்யுதயம்’ பாடுகிறது. வைணவத் தலம் ஒன்று, சைவத் தலம் ஒன்று என இரண்டையும் சாட்சியாக்கியது பக்தியோடு அரசியல் நுட்பமும் கலந்த செயல்.

தலைநகரில் அவருக்காக அரியணையைக் காத்தவர்கள் சலகராஜு சகோதரர்கள்; பட்டத்தரசி வரதாம்பிகையின் உடன்பிறந்தார். அச்சுதர், வரதாம்பிகை திருமணத்தையே திருமலாம்பா என்னும் பெண்பாற் புலவர் ‘வரதாம்பிகா பரிணயம்’ என்ற வடமொழிச் சம்பு காவியமாக்கினார்.

அரியணை மாறிய வேளையில் ராய்ச்சூரும் முத்கலும் பீஜப்பூர் வசமாயின. ராய்ச்சூரைப் பின்னாளில் அச்சுதர் மீட்டார். தெற்கே, சோழ மண்டலத்தை நிர்வகித்த செல்லப்பர் கலகம் செய்து திருவடி நாட்டில் (திருவிதாங்கூர்) தஞ்சம் புகுந்தார். படையோடு புறப்பட்ட அச்சுதர் திருவரங்கத்தில் தங்க, மைத்துனர் சலகராஜு திருமலர் தாமிரபரணிக் கரையில் வென்று பகைவரைப் பணியவைத்தார். காஞ்சிபுரத்தில் அரசர் முத்துகளால் துலாபாரம் செய்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

திருமலைக் கோயிலினுள் கிருஷ்ணராயர் மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் இருவரும் செப்புத் திருமேனிகளாகக் கைகூப்பி நிற்கின்றனர். அதே மண்டபத்தில் அச்சுதரும் வரதாம்பிகையும் கற்சிலைகளாக நிற்கின்றனர்; தரிசன வரிசையின் விரைவில் பலரும் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். ஹம்பியில் இன்று அச்சுதராயர் கோயில் எனப்படுவதும் 1534இல் திருவேங்கடநாதருக்காக எழுப்பப்பட்டதே.

நூனிஸின் குறிப்புகளை நம்பி இவரைக் கோழை, திறமையற்றவர் என்று எழுதியோர் உண்டு. தென்திசை வெற்றியையும் ராய்ச்சூர் மீட்பையும் வைத்துப் பார்த்தால் அத்தீர்ப்பு நியாயமன்று. இறுதி ஆண்டுகளில் மைத்துனர்களின் கை ஓங்கியது மட்டும் உண்மை. 1542இல் அச்சுதர் மறைந்ததும் இளம் மகன் வேங்கடன் முடிசூட்டப்பட்டான். சில மாதங்களில் தாய்மாமன் திருமலராலேயே கொல்லப்பட்டான். திருமலரை வீழ்த்திய இராமராயர் துளுவ மரபினரான சதாசிவரை அரியணையேற்றி, ஆட்சியைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார்.