இரண்டு ஆட்டம், ஒரு சம்பளம்: மெட்ராஸிலிருந்து நெய்வேலி வரை

1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது கிரிக்கெட் டெஸ்ட் தொடங்கியது. இரண்டு அணிகளுக்கும் பொருத்தமானவராகக் கருதப்பட்ட எம்.ஜே.கோபாலன் அன்று எதிலும் ஆடவில்லை. ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வுக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்கும் ஒரே கோடையில் அழைப்பு வர, அவர் கிரிக்கெட்டுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட அவருக்கு இடம் தரப்படவில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர் கோபாலன். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதியபோது ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மறு ஆண்டு தியான் சந்த் அணியோடு நியூசிலாந்துக்குப் போய் ஹாக்கி ஆடினார். ஆண்டின் ஒரு பகுதி மட்டை, மறுபகுதி பந்து என்று வாழ்ந்தவருக்குச் சோறு போட்டது இரண்டுமல்ல. அவருடைய திறமையைக் கண்டெடுத்த சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பர்மா ஷெல் நிறுவனத்தில் வாங்கித் தந்த வேலைதான் சோறு போட்டது.

அமெரிக்காவில் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் தொழிலாக ஆடியவர்கள் உண்டு; ஓய்வுக்குப் பின் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளரானவர்களும் உண்டு. நம்மிடம் அந்தப் பாதை ஏன் போடப்படவில்லை என்பதற்கு விடை விளையாட்டுத் திறமையில் இல்லை, வேலைவாய்ப்பின் வரலாற்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோபாலனோடு அதே 1936 பயணத்தில் போன கோட்டா ராமசாமியைப் பாருங்கள். 1922இல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். 40 வயதில் மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்தார். புச்சி பாபு நாயுடுவின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர், விவசாயத் துறை அதிகாரி. அவருக்கு ஜான்ஸ்டன் தேவைப்படவில்லை. இரு ஆட்டக்காரராவதற்கு அன்று இருந்த வழிகள் இரண்டே: வீட்டில் வசதி இருக்க வேண்டும், அல்லது கம்பெனியில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் அந்த நாற்காலியைப் பொதுத்துறை எடுத்துக்கொண்டது. நெய்வேலி இதற்குச் சரியான களம். 1956இல் அதன் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961இல் சுரங்கம் பழுப்பு நிலக்கரியை எட்டியது, மறு ஆண்டு மின்சாரமும் வந்தது. வட்டம் வட்டமாக எழுந்த நகரியத்தில் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, பாரதி விளையாட்டரங்கம் எல்லாமே நிர்வாகத்தின் சொத்து. மெட்ராஸில் வேலை தந்தது ஒருவர், மைதானம் வைத்திருந்தது வேறொருவர். இங்கே இரண்டும் ஒரே கை. (நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த மைதானம் எவ்வளவு எட்டியது என்பது தனி ஆய்வுக்கு உரியது, எட்டியது குறைவு என்பதே என் எண்ணம்.)

ஆனால் பொதுத்துறையில் ஆட்டக்காரர்களுக்கான வேலை ஒதுக்கீடு ஒரு நிபந்தனையோடு வந்தது: விண்ணப்பத்தில் ஒரே ஆட்டத்தைத்தான் எழுத முடியும். வாலிபால் ஆடி வேலை வாங்கியவர் வாலிபால்காரர். கால்பந்தும் நன்றாக ஆடுவார் என்பது பணிப் பதிவேட்டில் ஏறாது. நிறுவன அணிக்காக ஆடத்தான் ஷிஃப்டிலிருந்து விலக்கு. கோபாலனின் வகை இப்படித்தான் மறைந்தது. யாரும் தடை போடவில்லை, படிவத்தில் இடமில்லை.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. 1920இல் ஹாரி குரோ பக் மெட்ராஸில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, எல்லா ஆட்டமும் தெரிந்த ஆசிரியரை உருவாக்கியது. நம் பி.டி. வாத்தியார் அந்தப் பரம்பரை. காலையில் சுண்ணாம்புப் பொடி தூவி கோகோ களம் போடுவார், மதியம் அதே கோட்டை அழித்துக் கபடிக்கு மாற்றுவார், குறுவட்டப் போட்டி நெருங்கினால் குண்டு எறிதலுக்குப் பையன் தேடுவார். பல ஆட்டம் கைவசம் உள்ள ஒரே ஆள் இன்று அவர்தான். அவர் இருக்கும் இடத்துக்குப் பெரிய ஆட்டக்காரர் வர முடியாது; உடற்கல்வி ஆசிரியர் படிப்பு வேண்டும். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியபின் பயிற்சியாளருக்குத் தனிப் பட்டயம் வந்தது, அதுவும் ஆட்டத்துக்கு ஒன்றாக. விளைவு, இந்தியாவுக்காக ஆடியவர் நிறுவன அணிக்குப் பயிற்சி தருகிறார்; பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவரை வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கிறார்கள். கோபாலனும் தேசியத் தேர்வுக் குழுவில் அமர்ந்தார், பள்ளிக்குள் போகவில்லை. மெட்ராஸும் இலங்கையும் 1952-53 முதல் ஆடிய கோப்பைக்கு அவர் பெயர் வைத்தது நல்ல மரியாதைதான். ஒரு பள்ளி மைதானம் அதைவிடப் பயன்பட்டிருக்கும்.

நெய்வேலிக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் பாரதி அரங்கில் ஆடியவர் சாமான் லாரியோடு கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ போய்விடுகிறார். அவருடைய சான்றிதழ்களும் அணிப் புகைப்படங்களும் அவரோடு போகின்றன. நகரியத்தின் பள்ளி ஆசிரியர்களும் பழைய ஆட்டக்காரர்களும் சேர்ந்து இப்போதே இவற்றைப் பிரதியெடுத்துத் தேதி போட்டு வைக்க வேண்டும். ஓய்வு பெறுவோரில் விருப்பமுள்ளவர்களை, குறுகிய பயிற்சி தந்து, மாலை நேரத்துக்காவது பள்ளி மைதானங்களில் அமர்த்த நிர்வாகம் முன்வர வேண்டும். பள்ளியும் மைதானமும் ஒரே நிர்வாகத்திடம் இருக்கும் ஊரில் இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.