கால் ஊன்றாமல் கடப்பவர்கள்: புல்லட் வண்டியின் மறந்துபோன பிறப்புக் கதை



என் மாணவன் ஒருவன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அவன் கட்டுரை மோட்டார்சைக்கிளில்தான் போய் முடியும். ‘மழைநாள்’ என்று கொடுத்தால் மழையில் நனைந்துகொண்டு ஒருவர் வண்டியின் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். ‘என் தாத்தா’ என்று கொடுத்தால் தஞ்சாவூரில் தாத்தா வைத்திருந்த புல்லட் வண்டியைப் பற்றி இரண்டு பக்கம் வரும். தாத்தாவுக்குக் கிடைப்பது நான்கே வரிகள். நான் தடுக்கவில்லை. சென்ற ஆண்டு ஐந்து வரி எழுதவே முக்கிய பிள்ளை, இன்று இரண்டு பக்கம் எழுதுகிறான். ஒற்றுப்பிழைகள்கூடக் குறைந்துவிட்டன.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவன் தாயார் வந்திருந்தார். மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கட்டுரைத் தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, “சார், இவனை மோட்டார்சைக்கிள் பத்தி மட்டும் எழுத விடாதீங்க. எங்க அண்ணன் ஓட்டப் போனவருதான், வீடு திரும்பல” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் பதில் வரவில்லை.

அவருடைய அச்சம் ஆதாரமற்றது என்று எவராலும் சொல்ல இயலாது. நம் நாட்டில் மோட்டார்சைக்கிள் பந்தயம் என்றதும் மூத்தோர் நினைவுக்கு வருவது பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை அந்தப் பொதுச் சாலையையே அடைத்துக் கார் பந்தயங்களும் மோட்டார்சைக்கிள் பந்தயங்களும் நடத்தினார்கள். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலையோரம் மரங்கள், விளக்குக் கம்பங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள். ஒரு வளைவுக்குச் ‘சாத்தானின் வளைவு’ என்றே பெயர். அந்த ஆண்டுகளில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். 1973க்குப் பிறகு அந்தப் பந்தயம் அங்கே நடைபெறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அதைப் பார்க்கப் போய் அடிவாங்கிய கதையை என் மாமா பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் மாணவனின் ‘தாத்தா’ கட்டுரை என்னை வேறு பக்கம் இழுத்தது. அதில் அவன், “புல்லட் வேகத்துக்காகப் பிறந்த வண்டி இல்லை” என்று எழுதியிருந்தான். காரணம் சொல்லவில்லை. தோட்டாவின் பெயர் வைத்த வண்டி வேகத்துக்காகப் பிறக்கவில்லையா? பிழை என்று நினைத்துச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். பிறகு தேடிப் படித்தபோது, அடிக்கோடு போட்டவன்தான் பிழை செய்திருக்கிறான் என்று தெரிந்தது.

வேகத்துக்கு மதிப்பெண்ணே இல்லாத மோட்டார்சைக்கிள் விளையாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘டிரையல்’ என்பார்கள். சோதனை என்று பொருள். தொடக்கத்தில் அது உண்மையிலேயே சோதனையாகத்தான் இருந்தது. இயந்திரம் புதிது, சாலைகள் கரடுமுரடு. இந்த வண்டி மேடேறுமா, நடுவழியில் நின்றுவிடுமா என்று வாங்குபவர்களுக்கு ஐயம். அதனால் மலையிலும் சேற்றிலும் ஓட்டிக் காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் சோதனையின் வரலாறு 1909இல் தொடங்குகிறது. 1914இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட் என்ற வண்டி உற்பத்தியாளர், தம் தொழிலாளர்களையே குன்றும் ஓடையும் கடந்து ஓட்டி வரச் சொல்லிப் போட்டி வைத்தார். அவர் பெயரிலேயே அந்தப் போட்டி தொடர்ந்தது. இயந்திரங்கள் நம்பகமாகிவிட்ட பிறகு சோதனை வண்டிக்கானது என்ற நிலை மாறி, ஓட்டுபவருக்கானது என்று ஆகிவிட்டது.

விதி எளிது. ஒரு பாறைச் சரிவையோ ஓடைப் படுகையையோ கொடி நட்டு ஒரு ‘கட்டம்’ என்று குறிப்பார்கள். அருகில் ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். ஓட்டுபவர் ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லைக் கொடியைத் தாண்டினாலோ 5. சில போட்டிகளின் விதிப்படி வண்டி நின்றாலே 5. இவை நாம் கொடுக்கும் மதிப்பெண்கள் போல அல்ல, தண்டப் புள்ளிகள். மிகக் குறைவாக வாங்குபவரே வெற்றியாளர். கால் ஊன்றாமல் கடந்தவருக்குப் பூஜ்யம், அதுதான் பெருமை! (வகுப்பில் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகள் இதைக் கேட்டு மகிழ்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.)

இனிப் புல்லட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 350 சிசி புல்லட்டைப் புதிதாக வடிவமைத்தது. அக்காலத்துச் சோதனைப் போட்டி வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அப்படி இருந்தால்தான் சேற்றில் பிடிப்புக் கிடைக்கும் என்பது வல்லுநர்களின் நம்பிக்கை. புதிய புல்லட்டிலோ பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் ஒரு கையில் அமர்ந்து, இருபுறமும் அதிர்வுதாங்கிகளோடு வந்தது. முதிரா வடிவிலிருந்த அந்த வண்டிகளை நிறுவனம் கடைக்கு அனுப்பவில்லை. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோல்மோர் கோப்பைச் சோதனைப் போட்டிக்கு அனுப்பியது! அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் சோதனையில் பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றது. அந்த அணியில் புல்லட் ஓட்டிய சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். (பிரிட்டன் என்பது இங்கே நாட்டின் பெயரன்று, குடும்பப் பெயர்.) அந்தப் போட்டி பாறைமேல் ஏறும் வகையைச் சேர்ந்ததன்று, நாள்கணக்கில் ஓட்டித் தாங்குதிறனைப் பார்ப்பது. பாறை விளையாட்டில் பெயர் எடுத்தவர் விக்கின் மகன் ஜானி. 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் சோதனையில் அவர் ராயல் என்ஃபீல்டு வண்டியில் முதலிடம் பெற்றார்.

தந்தையும் மகனும் சேற்றில் ஓட்டி மெய்ப்பித்த அந்த வண்டி நம் கதைக்குள் வருவது சென்னை வழியாக. கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்து விற்று வந்தது. 1952இல் இந்திய ராணுவம் 500 புல்லட்டுகள் வேண்டுமென்று அந்நிறுவனத்திடம் கேட்டது. எல்லைக் காவலுக்கு வேண்டியது வேகமன்று. பாதையில்லாத இடத்திலும் நிற்காமல் போகும் வண்டி. 1955இல் இரு நிறுவனங்களும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. மறு ஆண்டு திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகளை உருவாக்கினார்கள். பட்டினத்தார் சமாதி இருக்கும் ஊரில், சேற்றில் பிறந்த வண்டிக்கு மறுபிறவி! 1970இல் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. 1977 முதல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆனது.

ஆனால் போட்டிக் களத்தில் அதன் காலம் முன்பே முடிந்துவிட்டது. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த சாமி மில்லர் என்ற வீரர், 500 சிசி ஏரியல் வண்டியில் வெற்றிமேல் வெற்றி பெற்றவர், 1964இல் பார்சிலோனாவின் புல்டாகோ நிறுவனத்துக்கு மாறினார். அவர் உருவாக்க உதவிய ‘ஷெர்பா’ ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ளது. 1965இல் அதை ஓட்டி அவர் ஸ்காட்லாந்தில் வென்றதும், கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் ஆட்சி சரிந்தது. 1975இல் உலக வெற்றியாளர் போட்டி தொடங்கியபோது முதல் பட்டத்தை வென்ற மார்ட்டின் லாம்ப்கினும் புல்டாகோவில்தான் வந்தார். இன்றைய வண்டிகள் 70 கிலோ அளவில் இருக்கின்றன. இருக்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுபவர் நின்றுகொண்டே ஓட்டுகிறார்.

வண்டியை அமைக்கும் முறையும் நாம் சாலையில் காண்பதற்கு நேர்மாறு. சாலை வண்டியின் டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். இங்கே பின்டயரில் நான்கைந்து பவுண்டு அழுத்தம்தான். கையால் அமுக்கினால் அமுங்கும். அப்போதுதான் ரப்பர் பாறையின் வடிவத்துக்கு வளைந்து ஒட்டிக்கொள்ளும். கியர்கள் மிகத் தாழ்ந்த விகிதத்தில் இருக்கும். எஞ்சினின் சுழல்சக்கரம் கனமாக இருந்தால், மெதுவாகச் சுற்றும்போதும் எஞ்சின் திணறி நின்றுவிடாது. கிளட்ச்சை ஒற்றை விரலால் இழுக்குமளவு இலகுவாக வைப்பார்கள், ஏனெனில் பாதி வித்தை அந்த விரலில்தான் இருக்கிறது. ஓட்டி முடித்ததும் வேலை தொடங்கும். சேற்றைக் கழுவ வேண்டும், காற்று வடிகட்டியைக் கழற்றித் துவைத்து எண்ணெய் தடவ வேண்டும், சங்கிலியின் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும், பாறையில் மோதி நெளிந்த சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாதவனுக்கு இந்த விளையாட்டு ஒரு வாரம்கூடத் தாங்காது.

2019இல் ராயல் என்ஃபீல்டு, ஜானி பிரிட்டனின் நினைவைச் சொல்லி, உயர்த்திய சைலென்சரும் ஒற்றை இருக்கையும் வைத்து ‘புல்லட் டிரையல்ஸ்’ என்று ஒன்றை இந்தியாவில் விற்றது. 2020இல் அது நின்றுபோனது. பார்க்க அழகுதான். ஆனாலும் 160 கிலோவுக்கு மேற்பட்ட அதைத் தூக்கிப் பாறைமேல் வைப்பதென்றால் பீமன்தான் வரவேண்டும்.

தெம்பனிஸில் இதற்கெல்லாம் இடமுண்டா என்று கேட்பீர்கள். நம் வட்டாரம் ஒருகாலத்தில் காடும் சதுப்பும் மணல் குவாரியுமாக இருந்ததே! தெம்பினிஸ் என்ற கடினமான மரம் நிறைந்திருந்ததால் வந்த பெயர் இது. 2010ஆம் ஆண்டு இளையர் ஒலிம்பிக்கின் பிஎம்எக்ஸ் சைக்கிள் போட்டிகளுக்காக இங்கே மண்மேடுகளோடு ஒரு சைக்கிள் பூங்கா இருந்தது. 2014இல் அதுவும் வீடமைப்புக்காக மூடப்பட்டது. மோட்டார்சைக்கிளுக்கோ 18 வயதுக்கு முன் உரிமம் இல்லை. வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம், பெற்றோர்கள் நன்கு அறிவார்கள்.

தேடும்போது கிடைத்த இன்னொரு தந்தையின் கதை எனக்குப் பிடித்தது. ஸ்பெயினின் மொண்டெசா நிறுவனத்தில் பணியாற்றிய பெரே பி, தம் மகன் ஓட் மோட்டார்சைக்கிள் வித்தையைச் சைக்கிளிலேயே பழக வேண்டும் என்று விரும்பினார். அதே கட்டம், அதே தண்டப் புள்ளி. எஞ்சின் மட்டும் இல்லை. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் சைக்கிள் டிரையல்ஸ் விளையாட்டு அப்படித்தான் வளர்ந்தது. ஓட் பி அதில் உலக வெற்றியாளரும் ஆனார்.

சென்ற வாரம் அந்தத் தாயாரைத் தெம்பனிஸ் சந்தையில் கண்டேன். கையில் முருங்கைக்கீரைக் கட்டு. மாணவனின் கட்டுரையில் நான் போட்ட அடிக்கோட்டை நானே அழித்ததையும், படித்தவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். அண்ணனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் போட்டியில எவ்வளவு வேகத்துல போவாங்க சார்?” என்றார்.

“பல இடங்களில் நாம் நடக்கும் வேகம்தானம்மா.”

நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். “அவன் அந்தத் தாளை இன்னும் வீட்டுல காட்டல. நாளைக்குக் கொடுத்தனுப்புங்க, நான் படிச்சுப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்.